வாளுக்குக் குறுக்கே ஒரு சுருள்

ஒரு அங்குல உயரத்தில் ஒரு தீவட்டி. அதற்குப் பின்னால் கோடு போட்ட சிறு பூகோளம். பூகோளத்தின் குறுக்களவு அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்குதான் என்பதால் தீவட்டியின் சுடரும் பிடியும் உருண்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், பெருக்கல் குறி மாதிரி, ஒரு வாளும் சுருட்டிய ஏடு ஒன்றும். முழுக்கத் தங்க நிறம். அமெரிக்கத் தரைப்படையில், போர் நடக்கிற ஊரின் குடிமக்கள் விவகாரங்களைக் கவனிக்கிற சிவில் அஃபேர்ஸ் பிரிவுக்கு உரிய சின்னம் இது. அதிகாரிகள் இதை அப்படியே கோட்டின் காலர் மடிப்பில் குத்திக்கொள்வார்கள். சிப்பாய்களுக்கும் சார்ஜென்ட்களுக்கும் இதே உருவம் ஒரு வட்டத் தகட்டின்மேல் வரும்.

அமெரிக்கப் படைகளின் சின்னங்களைக் கவனித்துக்கொள்ள வர்ஜீனியாவில் ஃபோர்ட் பெல்வார் முகாமில் தனி அலுவலகமே இருக்கிறது. இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரால்ட்ரி என்று பெயர். எந்தச் சின்னத்துக்கும் அவர்களிடம் எழுத்தில் ஒரு விளக்கம் இருக்கும். இதற்கு அவர்கள் சொல்வது: பூகோளம் என்றால் உலகத்தின் எந்த மூலைக்கும் போகிற வேலை, தீவட்டி சுதந்திர தேவி சிலையின் கையில் இருப்பது, சுருள் குடிமக்கள் சம்பந்தப்பட்ட பக்கம், வாள் ராணுவப் பக்கம். பிரிவின் நிறம் ஊதா, ஓரத்தில் வெள்ளை. காலாட்படைக்கு இளநீலம், பீரங்கிப் படைக்குச் சிவப்பு, குதிரைப்படைக்கு மஞ்சள் என்று இருக்கிற வரிசையில் இவர்களுக்கு ஊதா வந்தது. அந்த ஊதாவை இந்தப் பிரிவைச் சேர்ந்த பல அணிகளின் தோள்பட்டைப் பேட்சுகளிலும் பார்க்கலாம்.

நான் மேரிலண்டில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ராணுவத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எங்கள் நிலையத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த ஆபரேட்டர் ஒருவர் ராணுவ ரிசர்வ் படையில் சிவில் அஃபேர்ஸ் சார்ஜென்ட். மாதத்தில் ஒரு வாரக்கடைசி, வருஷத்தில் இரண்டு வாரம் சீருடை. மற்ற நாட்களில் நீலச் சட்டையும் ரப்பர் பூட்ஸும். அவர் ஓய்வு பெற்ற அன்று தன் லாக்கரைக் காலி செய்யும்போது இந்தப் பின்னை மேஜைமேல் வைத்துவிட்டு, "வாளை எல்லோரும் பார்ப்பார்கள். நீ அந்தச் சுருளைப் பார்" என்றார். அப்படிப் பார்க்க ஆரம்பித்ததன் விளைவுதான் இந்தப் பதிவு.

போர் நடக்கிற ஊரில் மக்களும் இருப்பார்கள். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், ரொட்டி வேண்டும், குப்பை அள்ள வேண்டும், திருடனைப் பிடிக்க ஆள் வேண்டும். ஒரு படை ஊரைப் பிடித்த மறுநாள் காலையிலிருந்து இதெல்லாம் அந்தப் படையின் தலையில் விழுகிறது. இதை அமெரிக்க ராணுவம் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டது. முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனியின் ரைன் பகுதியில் அவர்களுடைய மூன்றாம் ராணுவம் போய் உட்கார்ந்தபோது, கிட்டத்தட்ட பத்து லட்சம் குடிமக்கள் அவர்கள் கைக்குள் வந்தார்கள். அங்கே சிவில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட கர்னல் இர்வின் ஹன்ட் 1920-இல் அறிக்கை எழுதினார். இத்தனை பேரின் வாழ்க்கையை நடத்தத் தேவையான பயிற்சியும் இல்லை, அமைப்பும் இல்லை என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டார். படைக்குள் இருப்பவரே அப்படி எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அறிக்கை அலமாரிக்குப் போனது. இருபது வருஷம் கழித்து அடுத்த பெரும்போர் வாசலுக்கு வந்தபோதுதான் அதைத் தேடி எடுத்தார்கள்.

1942 மே மாதம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், சார்லட்ஸ்வில் ஊரில், ராணுவ அரசாங்கத்துக்கான பள்ளி திறந்தது. நாளைக்குப் பிடிக்கப்போகிற ஊர்களை எப்படி நிர்வகிப்பது என்று அங்கே பாடம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு இது பிடிக்கவில்லை. பிடித்த நாடுகளை நிர்வகிப்பது பெரும்பாலும் சிவிலியன்களின் வேலை என்பது அவர் எண்ணம். அவர் தயங்கியது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் சண்டை நடக்கிற இடத்தில் லாரியும் பெட்ரோலும் ஆளும் ராணுவத்திடம்தான் இருந்தன. சிவிலியன் துறைகள் திணறுவதைப் பார்த்துவிட்டு, 1943 நவம்பரில் அவரே பொறுப்பை ராணுவத்திடம் கொடுத்தார்.

அந்த வேலையின் விலை என்னவென்று ஆஹன் நகரில் தெரிந்தது. அமெரிக்கர்கள் கைப்பற்றிய முதல் பெரிய ஜெர்மன் நகரம் அது. 1944 அக்டோபர் 21 அன்று சரணடைந்தது. ஊரில் கட்டடங்கள் பெரும்பாலும் இடிபாடு. ராணுவ நிர்வாகம் ஃப்ரான்ஸ் ஓப்பன்ஹோஃப் என்கிற வக்கீலை மேயராக்கியது. 1945 மார்ச் 25 அன்று, நாஜிகள் அனுப்பிய ஆட்கள் அவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அந்நியப் படையோடு சேர்ந்து ஊருக்குத் தண்ணீரும் ரொட்டியும் கொடுக்க முன்வருகிற உள்ளூர்க்காரர் எவ்வளவு பெரிய ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்பதை இந்தப் பிரிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சின்னத்தைக் குத்திக்கொண்டு வந்தவர் ஒரு நாள் தன் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார். மேயர் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

போர் முடிந்ததும் இந்த ஆட்களை நிரந்தரப் படையில் வைத்துக்கொள்ள ராணுவம் விரும்பவில்லை. விரும்பியிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. ஒரு நகராட்சிப் பொறியாளரை இருபது வருஷம் முகாமில் உட்கார வைத்தால் அவர் நகராட்சிப் பொறியாளராக இருக்க மாட்டார். அந்தத் தொழில் தினமும் கையில் புழங்க வேண்டும். ஆகவே நீதிபதியும் வங்கி அதிகாரியும் கால்நடை மருத்துவரும் தண்ணீர் ஆபரேட்டரும் தங்கள் ஊரில் தங்கள் வேலையைப் பார்க்கட்டும், தேவைப்படும்போது கூப்பிடுவோம் என்று ரிசர்வில் வைத்தார்கள். 1955 ஆகஸ்ட் 17 அன்று ராணுவ ரிசர்வில் 'சிவில் அஃபேர்ஸ் மற்றும் ராணுவ அரசாங்கம்' என்ற பெயரில் தனிப் பிரிவு உண்டானது. மறு வருஷம், 1956 ஜூன் 1 அன்று, மேலே சொன்ன சின்னத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 1959-இல் பெயரிலிருந்து 'ராணுவ அரசாங்கம்' போய்விட்டது. நிரந்தரப் படையிலும் இது தனிப் பிரிவானது 2006 அக்டோபரில்தான். அதாவது ஐம்பது வருஷம் இந்த வாளும் சுருளும் வாரக்கடைசிச் சிப்பாய்களுக்கே உரிய சின்னமாக இருந்தன. அமெரிக்கப் படையின் எத்தனையோ சின்னங்களில் இது எனக்கு நெருக்கமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைக்கும் பெரும்பகுதி ரிசர்வில்தான். நான்கு பெரிய தலைமையகங்கள்: ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் 350-வது கமாண்ட், கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் 351, எங்கள் மேரிலண்டில் ஃபோர்ட் மீட் முகாமில் 352, நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் 353. தென் அமெரிக்கா ஒருவருக்கு, பசிஃபிக் ஒருவருக்கு, மத்தியக் கிழக்கு ஒருவருக்கு, ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் ஒருவருக்கு என்று பூமியையே பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு அணியின் பேட்ச் இடது தோளில் இருந்தால் அவர் இப்போது பணியாற்றும் அணி அது என்று பொருள். ஒரு அணியோடு போர்க்களம் போய்வந்தவர் அதன் பேட்சை வலது தோளிலும் அணியலாம். களச் சீருடையில் எல்லாம் பச்சையும் பழுப்புமாக மங்கிவிடும்; ஊதாவைத் தேடினாலும் கிடைக்காது.

352-வது கமாண்டின் கதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. அந்த வருஷக் கடைசியில், பெரும்பாலும் 352-வது கமாண்டைச் சேர்ந்த ரிசர்வ் ஆட்களைக் கொண்டு வாஷிங்டனில் குவைத் டாஸ்க் ஃபோர்ஸ் என்ற ஒரு குழு அமைந்தது. தலைமை கர்னல் ராண்டல் எலியட். சீருடை இல்லாத நாட்களில் அவருக்கு வெளியுறவுத் துறையில் உத்தியோகம். நாட்டை விட்டு வெளியேறியிருந்த குவைத் அரசாங்கத்து அதிகாரிகளோடு உட்கார்ந்து, ஊர் திரும்பக் கிடைத்தால் முதல் நாள் என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். உணவு, மருந்து, ஜெனரேட்டர், லாரி, தண்ணீர். குவைத்தில் ஆறு கிடையாது. குடிநீர் கிட்டத்தட்ட முழுக்கக் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. அந்த நிலையங்கள் மின் நிலையங்களோடு ஒட்டியவை. மின்சாரம் போனால் தண்ணீரும் போயிற்று. இதை முன்கூட்டியே யோசித்து, யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தம் வரை போட்டுவைத்தார்கள். 1991 பிப்ரவரிக் கடைசியில் நகரம் மீண்டபோது எண்ணெய்க் கிணறுகள் 600-க்கும் மேல் எரிந்துகொண்டிருந்தன, பகலிலேயே வானம் கறுத்திருந்தது. இருந்தும் பட்டினிச் சாவோ கொள்ளை நோயோ ஊரைப் பிடிக்கவில்லை. தண்ணீர்த் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன், அது சின்ன விஷயமே இல்லை. மக்கள் தொகையில் பெரும்பகுதி வெளியேறியிருந்ததும் உதவியது. பணம் இருந்ததும் உதவியது. எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேச, ஊர் தெரிந்த அதிகாரிகள் இருந்தது.

2003-இல் அதே 352-வது கமாண்ட் ஈராக்கில். இந்த முறை அந்த எதிர்ப்பக்கத்தைக் காணோம். மே 16 அன்று அமெரிக்க நிர்வாகம் சதாம் ஹுசேனின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை எல்லாம் அரசு வேலையிலிருந்து நீக்கி உத்தரவு போட்டது. வேலைக்காகவும் பதவி உயர்வுக்காகவும் அந்தக் கட்சியில் சேர்ந்திருந்த அனுபவசாலிகளும் அதோடு போனார்கள். எங்கள் பழைய ஆபரேட்டர் அந்த வருஷம் அங்கேதான் இருந்தார். அவர் சொன்னதில் ஒன்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஈராக்கில் சிற்றூர்களுக்கு 'காம்பாக்ட் யூனிட்' என்று சொல்லும் சிறிய சுத்திகரிப்பு நிலையங்கள்தான் அதிகம். ஆற்றங்கரையில் ஒரு பம்பு, இரும்புத் தொட்டிகள், வடிகட்டி, குளோரின் சிலிண்டர், முடிந்தது. அப்படி ஒன்றுக்கு இவருடைய நாலு பேர் கொண்ட குழு போனது. கையில் படிவம்: சாக்கடை, தண்ணீர், மின்சாரம், பள்ளி, குப்பை, மருத்துவம் என்று வரிசையாகக் கேள்விகள். பம்பு ஓடுகிறது, ஆனால் வடிகட்டியிலிருந்து கலங்கலாகவே வருகிறது. இளம் அதிகாரி வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்று எழுதப் போனார். இவர் நிறுத்தினார். தொட்டி நீரில் கொஞ்சம் வாளியில் மொண்டு, அங்கே மூட்டையில் இருந்த படிகாரத்தை வெவ்வேறு அளவில் கண்ணாடிக் குவளைகளில் போட்டுக் கலக்கி வைத்தார். எங்கள் நிலையத்தில் தினமும் காலையில் செய்கிற சோதனைதான். எந்தக் குவளையில் அழுக்கு திரண்டு அடியில் உட்காருகிறதோ அதுதான் சரியான அளவு. பார்த்துக்கொண்டே நின்ற உள்ளூர் ஆபரேட்டர் ஒரு குவளையைத் தட்டிக் காட்டி, மழைக்குப் பிறகு ஆறு இப்படித்தான் வரும், இந்த அளவுதான் நாங்கள் போடுவோம், இரண்டு மாதமாகப் படிகாரம் பற்றவில்லை என்றாராம். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் புரிந்துவிட்டது. தேவைப்பட்டது மூட்டைகள்தான். புது வடிகட்டி வேண்டியிருக்கவில்லை.

நான் அந்தச் சுருளைப் பற்றிச் சொல்ல வருவது இதைத்தான். படிவத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். குவளையைப் பார்த்ததும் புரிகிற ஆள் அந்தச் சீருடைக்குள் இருக்க வேண்டும், எதிரே இருக்கிறவரை வேலையில் இருக்க விட்டிருக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சின்னத்தில் மிஞ்சுவது வாள் ஒன்றுதான். ஈராக்கில் முதலாவது பல இடங்களில் இருந்தது, இரண்டாவதை மேலிடத்து உத்தரவே அழித்தது.

பாக்தாத் அருங்காட்சியகம் இன்னும் வேதனையான கதை. எந்தெந்த இடங்களைக் காக்க வேண்டும் என்ற பட்டியல் போருக்கு முன்பே தயாராக இருந்தது. அருங்காட்சியகம் அதில் மிக உயரத்தில் இருந்தது. பட்டியல் இருந்தும் 2003 ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சுமார் 15,000 பொருட்கள் கொள்ளை போயின. பிறகுதான் கோரின் வெக்னர் அங்கே வந்தார். மினியாபொலிஸ் கலைக் கூடத்தில் காப்பாட்சியர்; ரிசர்வில் சிவில் அஃபேர்ஸ் மேஜர். ஐயாயிரம் ஆண்டு பழைய வர்க்கா கலயம் அந்த ஜூன் மாதம் ஒரு காரின் டிக்கியில் துண்டுதுண்டாகத் திரும்பி வந்த காலம் அது. உடைந்த பெட்டிகளுக்கும் சிதறிய ஆவணங்களுக்கும் நடுவே அருங்காட்சியக ஊழியர்களோடு சேர்ந்து வேலை பார்த்தார். அவரைப் போன்ற ஒருவர் ஏப்ரல் முதல் வாரத்தில் சரியான தளபதியின் பக்கத்தில் நின்றிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் அப்படி ஆட்கள் இருந்தார்கள்: ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பழுதுபார்த்த ஜார்ஜ் ஸ்டவுட், ஆஸ்திரியாவின் ஆல்ட்டவுசே உப்புச் சுரங்கத்தில் நாஜிகள் பதுக்கியிருந்த மைக்கேலாஞ்சலோவின் ப்ரூஜ் மாதா சிலையை வெளியே கொண்டுவந்தவர். அவர் வேலை செய்த கலைச்சின்னப் பாதுகாப்புக் குழுவும் சிவில் அஃபேர்ஸின் கிளைதான். போர் முடிந்து சில வருஷங்களில் அந்தக் குழுவைக் கலைத்தார்கள்.

எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே போக என் மனசு ஒப்பவில்லை. ஈராக்கின் ஹில்லாவில் சீரமைப்புப் பணத்தைக் கையாண்ட ரிசர்வ் அதிகாரிகள் சிலர் லஞ்சம் வாங்கிச் சிறைக்குப் போனார்கள். ஆப்கானிஸ்தானில் நடந்தது வேறு மாதிரி, அது நேராகச் சின்னத்தையே தொடுகிறது. ஆரம்ப மாதங்களில் சிவில் அஃபேர்ஸ் ஆட்கள் பலர் சாதாரண உடையில், தாடி வளர்த்துக்கொண்டு, கிராமங்களுக்குப் போய்க் கிணறும் பள்ளியும் பற்றி விசாரித்தார்கள். ஊர்க்காரருக்கு இவர் யார், தொண்டு நிறுவனத்து ஆள் யார் என்று எப்படித் தெரியும்? எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைக்காரர், எல்லோரிடமும் ஒரே மாதிரி நோட்டுப் புத்தகம். நாளைக்கு இவர்மேல் கோபம் வந்தால் துப்பாக்கி திரும்புவது ஆயுதம் இல்லாத அந்த இன்னொருவர்மேல். அமெரிக்க உதவி அமைப்புகளின் தலைவர்கள் 2002-இல் வெள்ளை மாளிகைக்கே எழுதி, உங்கள் ஆட்களைச் சீருடை போடச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். 2004-இல் பாத்கிஸ் மாகாணத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஊழியர் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த அமைப்பு நாட்டை விட்டே வெளியேறியது. உதவியை ராணுவ நோக்கத்துக்குப் பயன்படுத்தியதையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. தாலிபான் பற்றித் துப்புக் கொடுத்தால்தான் உதவி தொடரும் என்று படைகள் அந்த வருஷம் துண்டறிக்கை போட்டிருந்தன.

அந்தத் துண்டறிக்கையை எழுதியவர் இந்தச் சின்னத்தை ஒரு தடவையாவது உற்றுப் பார்த்திருந்தால் கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். வாளும் சுருளும் குறுக்காக இருக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருக்கவில்லை. நான் ராணுவத்தின் ஆள், என்னிடம் துப்பாக்கி உண்டு, உங்கள் தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் வெளிப்படையாகச் சொல்கிற பேட்ஜ் அது. அதைச் சட்டைக்குள் மறைத்துவிட்டால் மிச்சமிருப்பது வேவு. தீவட்டியைப் பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. கேட்காமலே வந்து உட்கார்ந்த படை சுதந்திர விளக்கைக் காலரில் குத்திக்கொள்வதைப் பாக்தாத்காரர் எப்படிப் பார்ப்பார்? என் கையில் இருந்தால் பூகோளத்தையும் சுருளையும் வாளையும் விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துவிடுவேன். எங்கள் ஆபரேட்டர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அது அவர்களுக்குக் காட்ட வைத்தது இல்லை. எங்களுக்கு நினைவூட்ட வைத்தது" என்றார். அவர் அதை அணிந்து போனவர். அந்த விஷயத்தில் அவருக்கு என்னைவிட அதிக உரிமை.

சமீப வருஷங்களில் நல்ல சேதிகளும் உண்டு. சிவிலியன் தொழிலில் தேர்ந்தவர்களை நேரடியாக அதிகாரிகளாக எடுக்கும் '38ஜி' என்ற பிரிவை ரிசர்வில் வளர்த்து வருகிறார்கள். கழற்றிப் போட்ட 'ராணுவ அரசாங்கம்' என்ற சொல்லே இவர்களுடைய பதவிப் பெயரில் திரும்ப வந்திருக்கிறது. 2019-இல் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 2022 ஆகஸ்டில் கலைச்சின்ன அதிகாரிகளுக்கான முதல் பயிற்சி வகுப்பை நடத்தினார்கள். காப்பாட்சியர்களும் தொல்லியல் அறிஞர்களும் சீருடையில் உட்கார்ந்து, சேதமான பொருளை எப்படித் தூக்குவது, எப்படிப் பொதிவது, தளபதியிடம் எப்படிப் பேசுவது என்று படித்தார்கள். வெக்னர் பின்னாளில் ஸ்மித்ஸோனியனின் பண்பாட்டு மீட்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். பாக்தாதில் அவர் கற்றது அந்த வகுப்பறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்டவுட்டின் குழுவைக் கலைத்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு.

தண்ணீருக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. ஓவியங்களுக்குப் பெரிய அருங்காட்சியகம் துணை நிற்கிறது. படிகாரத்துக்கும் குளோரினுக்கும் நகராட்சிகள்தான் துணை நிற்க வேண்டும். எங்களைப் போன்ற நிலையங்களில் ரிசர்வ் ஆட்களை ஒரு மாதமாவது ஷிப்டில் வைத்துக்கொள்ளலாம். ஆறு கலங்கி வரும் மழைக்காலத்தில் வந்தால் இன்னும் நல்லது. வாரக்கடைசிப் பயிற்சியில் வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பார்க்கிற சுத்திகரிப்பு நிலையம் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன சத்தம் போடும் என்று தெரியும். எங்கள் மேலாளரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஃபோர்ட் மீட் எங்களுக்குத் தூரமும் இல்லை. எழுத்தில் கொடு என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.